கோயில் சட்டையும் ஒரு காசு விளையாட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணி கலக்கி வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

போன வாரம் நம்ம கோயில் புலனக் குழுவுல ஒரு தம்பி ஒரு படம் போட்டிருந்தார். இறக்கை வச்ச குட்டி நாகம் ஒன்று. "பிடிங்க, வளருங்க, சண்டைக்கு விடுங்க, தினமும் சம்பாதிங்க" என்று எழுதியிருந்தது. கீழே, "கோயில் குடும்பத்துக்கு மட்டும் முன்பதிவு". நான்தான் அந்தக் குழுவைப் பார்த்துக்கிறேன், அதனால உடனே நீக்கிட்டேன். தம்பிக்குக் கோபம். தனியா எழுதினார்: "அண்ணே, நீங்களும் ஒரு காலத்துல இதே மாதிரி விளையாடினவர்தானே? மத்தவங்களை மட்டும் ஏன் தடுக்குறீங்க?"

ஆமாம், விளையாடினேன். தம்பி கேட்டதுல தப்பே இல்ல. அவருக்கு மட்டும் பதில் சொல்லிட்டு விட்டுடலாம்னு முதல்ல நினைச்சேன். ஆனா இது குழுவுல எல்லாருக்கும் சொல்ல வேண்டிய பதில். அம்மன் சந்நிதியில ஒருமுறை சொல்லிட்டேன். இன்னிக்கு உங்க முன்னாலயும் சொல்றேன்.

2021 ஜூன் 1, முழு முடக்கம் ஆரம்பிச்ச நாள் ஞாபகம் இருக்கும். கோயில் கதவு மூடி இருந்தது. பூசாரி ஐயா மட்டும் தனியா விளக்கேத்தி, தனியா மணியடிச்சு, தனியா தீபாராதனை காட்டினார். வேலிக்கு வெளியே மோட்டாரை நிறுத்தி, அந்த மணிச் சத்தத்தை மட்டும் கேட்டுக் கும்பிட்டுட்டுப் போனவங்க நிறைய பேர். அந்த மாசக் கடைசியில நாடு முழுக்க வெள்ளைக் கொடி ஏற ஆரம்பிச்சது. வீட்டுல சாப்பாட்டுக்கு வழியில்லன்னா வாசல்ல வெள்ளைத் துணி கட்டுங்க, பக்கத்துல இருக்கிறவங்க உதவுவாங்கன்னு வந்த இயக்கம். நம்ம தாமான்லயும் 3 வீட்டுல பார்த்தோம். அன்னிக்கே அனுமதிக் கடிதத்துக்கு அலைஞ்சு, மறுநாள் கோயில் அடுப்பை மூட்டினோம். தினமும் சாப்பாட்டுப் பொட்டலம்.

சோறு வேகுற நேரத்துல மண்டபத் தூணுக்குப் பக்கத்துல 3 பையன்கள் போனைப் படுக்க வச்சுப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பானுங்க. ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். உருண்டையா, கண்ணு பெருசா, முதுகுல செடி முளைச்ச ஒரு ஜந்து, மீன் வால் வச்ச இன்னொரு ஜந்து மேல கேரட்டை எறிஞ்சுக்கிட்டு இருந்தது.

"என்னடா கேம் இது, வேலை நேரத்துல?"

"அண்ணே, இது கேம் இல்ல. வேலை."

சொன்ன தம்பிக்கு அப்போ 22 வயசு. கோலாலம்பூர்ல ஒரு ஹோட்டல்ல வேலை பார்த்தவன். முடக்கத்துல சம்பளமில்லா விடுப்பு. அவன் அம்மா நம்ம மகளிர் பகுதியில இருக்காங்க. அன்னதானத்துக்குக் காய் வெட்ட முதல் ஆளா வந்து உட்காருவாங்க. நான் அவங்களை அக்கான்னு கூப்பிடுவேன். பேர் வேண்டாம். இந்தப் பதிவைப் போடுறதுக்கு முன்னால அவங்ககிட்ட படிச்சுக் காட்டி அனுமதி வாங்கிட்டேன்.

அந்த விளையாட்டின் பேர் ஆக்ஸி இன்ஃபினிட்டி. வியட்நாம்ல இருக்கிற ஸ்கை மேவிஸ் நிறுவனம் 2018ல ஆரம்பிச்சது. ஜந்துகளைச் சேர்த்து சண்டைக்கு விடுற விளையாட்டு நமக்குப் புதுசு இல்ல, போக்கிமான் பார்த்து வளர்ந்த பிள்ளைங்கதானே எல்லாரும். இதுல வித்தியாசம், ஜந்து உங்களுக்கே சொந்தம். நிலப்பட்டா மாதிரி, இந்த ஜந்து இன்னாருடையதுன்னு பிளாக்செயின்ல எழுதி வச்சிருக்கும். பிளாக்செயின்னா ஒரே கணக்குப் புத்தகத்தைப் பல கம்ப்யூட்டர்கள் ஒண்ணா வச்சு, ஒண்ணையொண்ணு சரிபார்த்துக்கிறது. ஒருத்தர் மட்டும் ராத்திரியோட ராத்திரியா உட்கார்ந்து ஒரு வரியைத் திருத்திட முடியாது. அதனால ஜந்தை விற்கலாம், வாங்கலாம், இன்னொருத்தருக்கு விளையாடக் கொடுக்கலாம்.

அப்போ விளையாட 3 ஆக்ஸி வேணும். ஒவ்வொண்ணுக்கும் 6 உறுப்பு: கண், காது, கொம்பு, வாய், முதுகு, வால். அப்போ கடைசி நாலும் ஆளுக்கொரு சண்டை அட்டை தந்தது. செடி இனமும் ஊர்வன இனமும் மீன், பறவை இனங்கள் மேல பலம். மீனும் பறவையும் விலங்கு, பூச்சி மேல பலம். விலங்கும் பூச்சியும் செடி, ஊர்வன மேல பலம். நாம சின்ன வயசுல விளையாடின ஒன் டூ சோம் மாதிரி, எதுவுமே எல்லாத்தையும் ஜெயிக்காது. எதிராளி அடுத்து எந்த அட்டையை இறக்குவான்னு எண்ணிப் பார்த்து, நம்ம சக்திப் புள்ளியை மிச்சம் பிடிச்சு, சரியான சுற்றுல போட்டு அடிக்கணும். பொய் சொல்ல மாட்டேன், நல்ல விளையாட்டு. மூளைக்கு வேலை இருந்தது.

அப்போ ஜெயிச்சா எஸ்எல்பி கிடைச்சது. ஸ்மூத் லவ் போஷன்னு முழுப் பேர். தமிழ்ல வசிய மருந்துன்னு வச்சுக்கலாம். 14 நாளுக்கு ஒருமுறை அதை எடுத்து, காசா மாத்த முடிஞ்சது. 2021 ஜூலை நடுவுல ஒரு எஸ்எல்பி 30 அமெரிக்க காசுக்கு மேல போச்சு. அந்தத் தம்பி ஒரு நாளைக்கு நூறு, நூத்தம்பது எடுப்பான். ஆனா 3 ஆக்ஸி வாங்க அவன்கிட்ட காசு இல்ல. அதனால வெளிநாட்டுல இருக்கிற ஒருத்தர் தன்னோட ஆக்ஸியை இவனுக்கு விளையாடக் கொடுத்திருந்தார். வர்றதுல 60 விழுக்காடு இவனுக்கு, 40 அவருக்கு. இப்படி இரவல் வாங்கி விளையாடுறவங்களுக்கு அந்த உலகத்துல 'ஸ்காலர்'னு பேர். பிலிப்பீன்ஸ்ல ஊர் ஊரா இப்படி விளையாடித்தான் முடக்கத்துல சோறு சாப்பிட்டாங்க. வாரத்தோட்டம் மாதிரின்னு என் அப்பா இருந்திருந்தா சொல்லியிருப்பார்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு அலுவலகத்துல வேலை. அப்போ பாதிச் சம்பளம். ராத்திரி தூக்கம் வராது. ஆகஸ்ட் தொடக்கத்துல, எல்லாம் சேர்த்து 3,400 வெள்ளி போட்டு 3 ஆக்ஸி வாங்கினேன். வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னது ரெண்டாயிரம்னுதான். என் மகள் அப்போ தமிழ்ப்பள்ளியில நாலாம் வகுப்பு. அவள்தான் பேர் வச்சாள்: செடிக்கு லட்டு, மீனுக்கு கேசரி, விலங்குக்கு வடை. 'வாலட்' திறக்க 12 சொல் கொடுப்பாங்க, அதைத் தொலைச்சா எல்லாம் போச்சு, வேற யாராவது பார்த்தாலும் எல்லாம் போச்சு. கோயில் சாமான் பட்டியல் எழுதுற சின்ன நோட்டுப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல எழுதி, வீட்டுல அம்மன் படத்துக்குப் பின்னால செருகி வச்சேன். காலையில விளக்கேத்தும்போது அம்மன் முகத்தைப் பார்த்தேனா, படத்துக்குப் பின்னால பார்த்தேனா, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். தினமும் ராத்திரி ரெண்டு மணி நேரம். விலை இறங்கிக்கிட்டே இருந்தாலும், நவம்பர் தொடக்கத்துல போட்ட முதல் முழுசா கைக்கு வந்துடுச்சு. மேல ஒரு சில நூறு வெள்ளி லாபம். எனக்குப் பெருமை தாங்கல. சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும்போது இதே பேச்சு.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். நான் அப்போ கோயில் துணைப் பொருளாளர். ஒரு ராத்திரி, படுக்கையில கணக்குப் போட்டேன். திருப்பணி நிதி பேங்குல ரெண்டு விழுக்காடு வட்டிகூட இல்லாம தூங்குது. அதுல கொஞ்சம் எடுத்து 10 குழு ஆக்ஸி வாங்கி, வேலையில்லாத நம்ம பையன்களுக்கே விளையாடக் கொடுத்தா? கோபுரத்துக்கும் காசு, பிள்ளைங்களுக்கும் காசு. என் மனசுக்கு அது பாவமாவே தெரியல, சேவையாத்தான் தெரிஞ்சது. யார்கிட்டயும் சொல்லல, கூட்டத்துல வாய் திறக்கல. ஆனா நினைச்சேன். அந்தக் காசு யார் யாரோட காசுன்னு உண்டியல் எண்ணுற எனக்குத் தெரியும். கசங்கின ஒரு வெள்ளி நோட்டு, மஞ்சள் துணியில முடிஞ்ச சில்லறை, பிள்ளை பிழைச்சா போடுறேன்னு வேண்டிக்கிட்ட தாலிப்பொட்டு. தெரிஞ்சும் நினைச்சேன்.

நவம்பர் நடுவுல ஒரு நாள். கோயில் திறந்தாச்சு, ஆள் கட்டுப்பாட்டோட அன்னதானமும் மெல்ல ஆரம்பிச்சாச்சு. நான் மஞ்சள் கோயில் சட்டையோட, முதுகுல அம்மன் பேரோட, சாம்பார் வாளியை இறக்கி வச்சுட்டு போன் பார்த்துக்கிட்டு இருந்தேன். அக்கா முருங்கைக்காய் நறுக்கிக்கிட்டே கேட்டாங்க.

"தம்பி, என் மவன் சொல்றான், சொந்தமா 3 வாங்கிட்டா அந்த வெளிநாட்டு ஆளுக்கு பங்கு கொடுக்க வேணாமாம். முழுசும் நமக்கேயாம். நீங்க இதுல போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்கா. போட்டது திரும்ப வந்துடுச்சு."

"நீங்க போட்டிருக்கீங்களா? அப்ப சரி."

அவ்வளவுதான் பேச்சு. அக்கா கத்தியைத் துடைச்சுட்டு அடுத்த கட்டு முருங்கைக்காயை எடுத்தாங்க. அந்த வாரமே சங்கிலியை அடகுக் கடையில வச்சு, 2,200 வெள்ளி மகன் கையில கொடுத்திருக்காங்க. எனக்கு அப்புறம்தான் தெரியும்.

இன்னொண்ணும் அப்புறம்தான் தெரியும். அக்டோபர்ல மாநிலம் கடந்து போகலாம்னு விட்டதும், ஹோட்டல்ல அவனைத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. அவன் போகல. விளையாட்டுலயே அதைவிட நல்லா வருதேன்னு இருந்துட்டான். ஊழியர் சேமநிதி கிடையாது, சொக்சோ கிடையாது, காய்ச்சல் வந்தா விடுப்பு கிடையாது. அதை எனக்கு அவன் ஒருநாள் சிரிச்சுக்கிட்டே சொன்னப்போ, "பார்த்துக்கடா"ன்னு சொல்லிட்டு நானும் சிரிச்சேன். மூத்தவனா நான் கொடுத்த புத்திமதி அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. நவம்பர்ல 6, 7 காசு இருந்த எஸ்எல்பி, டிசம்பர்ல அதுல பாதி, புது வருஷம் பிறந்து தைப்பூசம் முடிஞ்சு பிப்ரவரி வர்றதுக்குள்ள ஒரு காசு. பிப்ரவரியில தினசரிப் பணிக்குக் கொடுத்த எஸ்எல்பியையும், தனியா விளையாடுற பகுதியில கொடுத்ததையும் நிறுத்தினாங்க. சந்தையில எஸ்எல்பி அளவுக்கு மேல குவிஞ்சு போச்சு, அதைக் குறைக்கத்தான். தம்பி ஒரு நாளைக்கு 6 மணி நேரம் விளையாடியும் ஒரு சாப்பாட்டுக் காசு தேறல.

ஏன் விழுந்ததுன்னு நான் உட்கார்ந்து யோசிச்சது அப்போதான். போடுறதுக்கு முன்னால யோசிச்சிருக்கணும். எஸ்எல்பியை யார் வாங்குவாங்க? அதை வச்சு கோயிலுக்கு எண்ணெய் வாங்க முடியாது, கடையில அரிசி வாங்க முடியாது. அதோட முக்கியமான உபயோகம் அப்போ ஒண்ணே ஒண்ணு: ரெண்டு ஆக்ஸியைச் சேர்த்து முட்டை வைக்கிறது. அப்போ 5 நாள்ல முட்டை பொரிஞ்சு புது ஆக்ஸி வந்தது. ஒரு ஆக்ஸி 7 தடவை வரைக்கும் குட்டி போடலாம். சரி, அந்தப் புது ஆக்ஸியை யார் வாங்குவாங்க? புதுசா விளையாட வர்றவங்க. அவங்க ஏன் வர்றாங்க? எஸ்எல்பி சம்பாதிக்க. அவங்க சம்பாதிச்ச எஸ்எல்பியை வாங்க, அவங்களுக்குப் பின்னால இன்னும் நிறைய பேர் வரணும். வரிசை நீண்டுக்கிட்டே போகணும். ஒரு நாள் வரிசை நின்னா, கடைசியில நிக்கிறவங்க கையில ஜந்து மட்டும் இருக்கும்.

இதைப் புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. என்னோட 3,400 வெள்ளி எப்படித் திரும்பி வந்தது? லட்டுவும் கேசரியும் வடையும் ஏதாவது விளைவிச்சுக் கொடுத்ததா? இல்ல. எனக்குப் பின்னால வந்தவங்க போட்ட காசுதான் என் கைக்கு வந்தது. எனக்குப் பின்னால வந்தவங்க யார்? முகம் தெரியாத லட்சம் பேர். அதுல முகம் தெரிஞ்ச ஒருத்தர், எனக்குப் பக்கத்துல உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கினவங்க.

அந்த விளையாட்டைக் கட்டினவங்களைக் குறை சொல்ல நான் இதை எழுதல. விதிகள் எல்லாம் வெளிப்படையாத்தான் இருந்தது. படிக்காம போட்டது நான். படிக்காம சொன்னதும் நான்.

மார்ச் கடைசியில இன்னொரு செய்தி. ஆக்ஸிக்குன்னு தனியா ரோனின்னு ஒரு பிளாக்செயின் அப்போ இருந்தது. அதுக்கும் எத்தீரியத்துக்கும் நடுவுல காசு போய் வர ஒரு பாலம். அதைத் திறக்க 9 பேர் சாவி வச்சிருந்தாங்க, அதுல 5 பேர் கையெழுத்து இருந்தா போதும். 2022 மார்ச் 23ல யாரோ 5 கையெழுத்தையும் போட்டு, 1,73,600 ஈத்தரும் 2 கோடியே 55 லட்சம் யூஎஸ்டிசியும் எடுத்துட்டாங்க. 60 கோடி அமெரிக்க டாலருக்கு மேல. ஆறு நாள் யாருக்குமே தெரியல. 29ஆம் தேதி ஒருத்தர் தன் காசை எடுக்க முடியலன்னு சொன்ன பிறகுதான் பார்த்திருக்காங்க. வடகொரியாவின் லாசரஸ் கூட்டம்தான் செஞ்சதுன்னு அமெரிக்காவின் எஃப்பிஐ ஏப்ரல்ல அறிவிச்சது. பிறகு நிறுவனம் வெளியில நிதி திரட்டி, பயனர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு பண்ணி, ஜூன் கடைசியில பாலத்தைத் திறந்தாங்க.

எப்படி 5 சாவி கிடைச்சது? அவங்களே விளக்கம் வெளியிட்டிருந்தாங்க. 9ல 4 சாவி ஒரே நிறுவனத்துக்கிட்ட. அஞ்சாவது சாவி வேற அமைப்போடது. ஆனா 2021 நவம்பர்ல கூட்டம் தாங்க முடியாம, "இப்போதைக்கு எங்க சார்புல நீங்களே கையெழுத்துப் போடுங்க"ன்னு அந்த அமைப்பு அனுமதி கொடுத்திருக்கு. டிசம்பர்ல அந்தத் தேவை முடிஞ்சது. கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க மறந்துட்டாங்க. திருடன் அந்த வழியா வந்துட்டான்.

இதைப் படிக்கும்போது எனக்குக் கை குளிர்ந்து போச்சு. ஏன்னா என் வீட்டு அலமாரியில ரெண்டு சாவி இருந்தது.

நம்ம உண்டியலுக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி பொருளாளர் பக்கம், ஒண்ணு செயலாளர் பக்கம். ரெண்டு பேரும் இல்லாம திறக்க முடியாதுங்கிறது பெரியவங்க வச்ச முறை. முடக்கத்துல 10 கிலோமீட்டர் தாண்டக்கூடாதுன்னு சட்டம் வந்தப்போ, செயலாளர் ஐயா வீடு அதைத் தாண்டி. "இப்போதைக்கு நீயே வச்சுக்கப்பா"ன்னு சாவியை என் கையில கொடுத்தார். இப்போதைக்குன்னு சொன்னது பத்து மாசம் ஆகியும் முடியல. அவரும் கேட்கல, நானும் கொடுக்கல. அந்தப் பத்து மாசத்துல தான் நான் அந்த ராத்திரிக் கணக்கையும் போட்டேன்.

ஒரு காசு தொட்டதில்ல, அம்மன் சாட்சி. ஆனா தொடாம இருந்ததுக்குக் காரணம் நான் நல்லவன்கிறது மட்டும்தான்னா, அது பூட்டு இல்ல. நல்லவன் எத்தனை நாளைக்கு நல்லவனா இருப்பான்னு யாருக்குத் தெரியும்? மறுநாள் காலையிலேயே செயலாளர் ஐயா வீட்டுக்குப் போய் சாவியைக் கொடுத்தேன். "இதுக்கா இவ்வளவு அவசரமா வந்தே"ன்னு கேட்டார். பசியாறிட்டுப் போகச் சொன்னார். தோசை சாப்பிட்டேன். காரணத்தைச் சொல்லல. இந்தப் பதிவுல இப்போ தெரிஞ்சுக்குவார். மன்னிச்சுக்குங்க ஐயா.

ஏப்ரல்ல சித்திரைப் புத்தாண்டு பூசை முடிஞ்ச பிறகு, அக்கா என்னைத் தேடி மண்டபத்துக்கு வந்தாங்க. அடகுச் சீட்டைக் காட்டினாங்க. ஆறு மாசக் கெடு மே மாசத்தோட முடியுது. மகன் இதுவரைக்கும் எடுத்துக் கொடுத்தது எழுநூறு சொச்சம், அது வீட்டுச் செலவுக்கே போயிடுச்சு. அந்த 3 ஆக்ஸியையும் வித்தா இருநூறு வெள்ளிகூட வராது.

அவங்க சண்டை போட வரல, காசு கேட்டும் வரல. "தம்பி, இது இனிமே ஏறுமா? காத்திருக்கவா, மீட்கவா?"ன்னு கேட்கத்தான் வந்தாங்க. அன்னிக்கும் என்னை நம்பித்தான் வந்தாங்க. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. திட்டியிருந்தா தேவலை.

வீட்டுக்குப் போய் மனைவிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், 3,400ங்கிறதையும் சேர்த்து. அவள் அதுக்கு ஒண்ணும் சொல்லல. "அக்காகிட்ட 'போட்டிருக்கேன்'னு சொன்ன வாய் உங்களுதுதானே? அப்ப சங்கிலி வரணும்"னு மட்டும் சொன்னா. தீபாவளிக்கு எடுத்து வச்சிருந்த காசையும், என்னோட லாபத்தையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போனேன்.

அக்கா முழுசையும் வாங்க மறுத்துட்டாங்க. "நீங்க சொன்னது பாதி, நான் ஆசைப்பட்டது பாதி. பாதி மட்டும் கொடுங்க." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையல. மீதிப் பாதிக்கு மகளிர் பகுதியில அவங்க சேர்ந்திருந்த சீட்டை முன்கூட்டியே எடுத்தாங்க. மே மாசம் சங்கிலி கழுத்துக்கு வந்தது. அன்னிக்கு அவங்க சொன்ன ஒரு வார்த்தை:

"ஒண்ணு மட்டும் தம்பி. இனிமே அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு போன் பார்க்காதீங்க."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அதுல எல்லாம் இருந்தது. மாசக் கணக்கா நான் எனக்கே சொல்லிக்கிட்ட சமாதானம், "நான் யாரையும் வற்புறுத்தல, கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன்." உண்மைதான். வார்த்தையால நான் வற்புறுத்தல. முதுகுல எழுதியிருந்த அம்மன் பேர்தான் எனக்காகப் பேசுச்சு. அக்கா ஆக்ஸியையோ பிளாக்செயினையோ நம்பல. கோயில்ல வாளி தூக்குறவன் பொய் சொல்ல மாட்டான்னு நம்பினாங்க. அந்த நம்பிக்கையை நான் சம்பாதிக்கல. எனக்கு முன்னால இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நாப்பது வருஷம் பாத்திரம் கழுவினவங்க சம்பாதிச்சு வச்சது. நான் அதைச் செலவு பண்ணிட்டேன்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. ஸ்கிம் செப்பாட் காயான்னு எத்தனை பார்த்திருக்கோம்! ஒரு காலத்துல தங்கம், ஒரு காலத்துல மூலிகைத் தூள், ஒரு காலத்துல நாலு நம்பர் சொல்ற சாமியார். ஒவ்வொண்ணும் கோயில் வாசல் வழியாத்தான் முதல்ல உள்ளே வந்தது. ஏன்னா இங்கதான் நாம ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படாம பேசுறோம். இப்போ ஜந்து வேஷம் போட்டுக்கிட்டு வருது. மயில், மூஞ்சூறு, சிங்கம்னு வாகனத்தைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, ஒரு ஜந்து அழகா இருந்தா உடனே பாசம் வந்துடுது.

அந்தத் தம்பி இப்போ ஷா ஆலம்ல ஒரு கிடங்குல வேலை பார்க்கிறான். சேமநிதி பிடிக்கிறாங்க. போன மாசம் தேர் அலங்காரத்துக்கு வந்திருந்தான். "இன்னும் விளையாடுறியாடா?"ன்னு கேட்டேன். "எப்பவாவது அண்ணே. காசை நினைக்காம விளையாடினா நல்ல கேம் அண்ணே அது. 6 மணி நேரம் எண்ணி எண்ணி விளையாடினப்போதான் வெறுத்துப் போச்சு" என்றான்.

அதனால, போன வாரம் படம் போட்ட தம்பிக்கு என் பதில் இது. விளையாடாதீங்கன்னு நான் சொல்லல. விளையாடுங்க. காசு போடணும்னா, போனாலும் மறுநாள் சிரிச்சுக்கிட்டே கோயிலுக்கு வர முடியுற அளவுக்குப் போடுங்க. போடுறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி: எனக்கு வரப்போற காசு யாரோடது? "புதுசா சேர்றவங்களோடது"ன்னு பதில் வந்தா, அந்தப் புதுசா சேர்றவங்க முகத்துல உங்க அக்கா, தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பாட்டி முகத்தை ஒட்டிப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க. வாலட்டுக்குரிய 12 சொல்லை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. கோயில்காரன்னு சொல்லி நானே கேட்டாலும் கொடுக்காதீங்க.

தலைவர் ஐயாகிட்ட பேசி, போன செயற்குழுக் கூட்டத்துல மூணு விஷயம் முடிவாச்சு. கோயில் புலனக் குழுவுல எந்த முதலீடும், எந்தக் காசு விளையாட்டும் பகிரக்கூடாது. தொண்டூழியர்கள் கோயில் சட்டையோட எந்தப் பணத் திட்டத்தைப் பற்றியும் பேசக்கூடாது, மண்டபத்துக்கு உள்ளேயும் வெளியேயும். உண்டியல் சாவி ரெண்டும் எக்காரணம் கொண்டும் ஒரே வீட்டுல இருக்கக்கூடாது. யாருக்காவது இரவல் கொடுத்தா, திரும்ப வாங்குற தேதியையும் சேர்த்து எழுதணும். மூணாவதை நான்தான் முன்மொழிஞ்சேன்.

சந்தேகம் இருக்கிற பிள்ளைங்க, பெற்றோர்கள், வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்ச பிறகு மண்டபத்துல என்னைப் பாருங்க. தெரிஞ்சதைச் சொல்றேன். சாதாரணச் சட்டையிலதான் வருவேன்.

என் மகள் இப்போ இடைநிலைப் பள்ளிக்குப் போயிட்டாள். அன்னிக்கு திடீர்னு கேட்டாள், "அப்பா, லட்டு என்னாச்சு?" இருக்கு கண்ணு. லட்டு, கேசரி, வடை மூணும் அப்படியே இருக்கு. உனக்கே சொந்தம்னு சொன்னது பொய் இல்ல, இன்னும் நமக்கேதான் சொந்தம். வாங்கத்தான் ஆள் இல்ல. அந்த 12 சொல் எழுதின நோட்டை அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசை டிராயர்ல போட்டுட்டேன். முன்பக்கத்துல இன்னும் நம்ம சாமான் பட்டியல் இருக்கு: நல்லெண்ணெய், திரி, கற்பூரம், துவரம் பருப்பு 10 கிலோ.

வர்ற வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் வெட்ட ஆள் குறைவு. காலை 7 மணிக்கு வர முடிஞ்சவங்க கீழே பேர் போடுங்க. அக்கா வழக்கம்போல 6 மணிக்கே வந்துடுவாங்க.

எழுதினதுல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. அம்மன் துணை. ஓம் சக்தி.